எண்ணத்துக்கு இட்ட விலங்கு

பெங்களூரு மாநகரின் நடுவில், சேஷாத்திரி சாலையை ஒட்டி, 'சுதந்திரப் பூங்கா' என்று வழங்கும் ஓர் இடம் உண்டு. பூங்காவினுள் ஓர் உயர்ந்த கண்காணிப்புக் கோபுரமும், சிறைக் கொட்டடிகள் சிலவும் இன்றும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெங்களூரு மத்தியச் சிறைச்சாலையே இவ்விடம். கைதிகள் பரப்பன அக்ரகாரத்துக்கு மாற்றப்பட்ட பின்னர், 2008ஆம் ஆண்டில் இது பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1975ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் காலை, நாடாளுமன்றக் குழு ஒன்றின் கூட்டத்துக்காகப் பெங்களூரு வந்திருந்த எதிர்க்கட்சித் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அடல் பிகாரி வாஜ்பாய், லால் கிருஷ்ண அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் அவர்கள். முதல் நாள் இரவு நாட்டில் உள்நாட்டு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டிருந்தது. 1977 மார்ச் 21 வரை, ஏறத்தாழ 21 மாதங்கள் அது நீடித்தது. அக்காலத்தில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர் என்று பின்னர் அமைந்த ஷா விசாரணைக் குழு கணக்கிட்டது.

சிறைப்பட்டவர்களின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. சிறைக்கு வெளியே இருந்த அறுபது கோடி மக்களின் எண்ணத்தை ஆள அன்று செய்யப்பட்ட முயற்சியே இவ்வுரையின் பொருள். ஓர் அரசாங்கம் தன் குடிமக்கள் எதை அறிய வேண்டும், எதை அறியலாகாது, எதை எண்ண வேண்டும் என்று தானே வகுக்கப் புகுந்தால் விளைவது யாது? தொலை நாடுகளின் கதையாகவே நாம் கேட்டுப் பழகிய இக்கேள்வி, நம் வீட்டு வாயிலுக்கே வந்த காலம் அது.

முதலில் உலக அனுபவத்தைச் சிறிது காண்போம். ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே, மார்ச் மாதத்தில், பிரசாரத்துக்கென்று தனி அமைச்சகம் நிறுவப்பட்டுக் கோயபல்ஸ் அதன் அமைச்சரானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 'மக்கள் வானொலிப் பெட்டி' 76 மார்க் விலையில் விற்பனைக்கு வந்தது. ஏழைத் தொழிலாளியும் வாங்கத் தக்க பெட்டி அது. வீடுதோறும் தலைவரின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1939இல் போர் தொடங்கியதும் அந்நிய நாட்டு வானொலியைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. ருசியாவில் கம்பி வழியே ஒரே நிகழ்ச்சியை ஒலிக்கும் ஒலிபெருக்கிகள் வீடுகளில் பொருத்தப்பட்டன. அவற்றைத் திருப்பி வேறொரு நிலையத்தைக் கேட்க வழியே இல்லை. இத்தாலியில் முசோலினியின் அரசாங்கம் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே பாடநூலை விதித்தது.

இம்மூன்று நாடுகளின் முறைகளையும் ஒப்பு நோக்கினால் ஒரு பொது வடிவம் புலப்படும். மாற்றுச் செய்தி வரும் வழிகளை அடைப்பது முதற்படி. தன் செய்தியை ஓயாமல் திரும்பக் கூறுவது இரண்டாம் படி. சொற்களின் பொருளை மாற்றுவது மூன்றாம் படி. குழந்தைகளின் மனத்தைப் பள்ளியிலேயே பற்றிக்கொள்வது நான்காம் படி. இந்நான்கில் முதல் மூன்றும் நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில் ஓரளவுக்கு நிகழ்ந்தன. நான்காவது நிகழ்வதற்குக் காலம் போதவில்லை.

முதற்படியைக் காண்போம். ஜூன் 25 இரவு தில்லியில் நாளிதழ்கள் பல அச்சாகும் பகுதிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து முன் தணிக்கை முறை வந்தது. அரசியல் செய்தி எதுவும் அதிகாரியின் ஒப்புதலின்றி அச்சேறலாகாது என்பது விதி. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் ஜூன் 28ஆம் நாள் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. வெற்றிடமும் ஒரு செய்தியே என்பதை உணர்ந்த தணிக்கையாளர்கள், இடத்தை வெறுமையாக விடுவதையும் பின்னர்த் தடுத்தனர். சுதந்திரத்தைப் பற்றிக் காந்தியடிகளும் தாகூரும் கூறியவையும் தணிக்கைக்கு உள்ளாயின. 1976 பிப்ரவரியில் நாட்டின் நான்கு செய்தி நிறுவனங்களும் 'சமாச்சார்' என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. பத்திரிகைகள் 'நட்பு', 'பகை', 'நடுநிலை' என்று வகுக்கப்பட்டு, அதற்கேற்ப அரசாங்க விளம்பரம் வழங்கப்பட்டது. பேனாவை முறிக்க வேண்டிய தேவை எழவில்லை. மை வாங்கும் பணத்தை நிறுத்தினாலே போதுமாயிற்று.

ஆயினும் முழுப் பழியையும் தணிக்கையாளர்மேல் சுமத்துவது நேர்மையாகாது. குனியச் சொன்னதற்குப் பத்திரிகைகள் பல தவழவே தொடங்கின என்று, பெங்களூருச் சிறையிலிருந்து மீண்ட அத்வானி பிற்காலத்தில் இடித்துக் கூறினார். அச்சத்தால் ஒருவன் தன் எழுத்தைத் தானே அடித்துவிடுகிறான். அடிக்கப்பட்டது எது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். நாளடைவில் அவனுக்கே மறந்துபோகிறது.

இரண்டாம் படி, திரும்பக் கூறுதல். இதில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. கன்னட நாட்டில் வானொலி தோன்றிய வரலாற்றை இங்கே நினைவுகூர்தல் தகும். 1935இல் மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பியை நிறுவினார். 'ஆகாசவாணி' என்று அதற்குப் பெயர் வைத்தார். அப்பெயரே பிற்காலத்தில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. ஓர் ஆசிரியரின் ஆர்வத்தால் பிறந்த இக்கருவி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரே குரலின் கருவியாக்கப்பட்டது.

1975 செப்டம்பரில் வானொலி நிலைய இயக்குநர்களிடையே பேசிய பிரதமர் இந்திரா காந்தி, வானொலி ஓர் அரசாங்கத் துறை என்றும், அரசாங்கத்தின் கொள்கையை மக்களுக்கு எடுத்துரைப்பதே அதன் கடமை என்றும் வலியுறுத்தினார். செய்தி அறிக்கைகள் இருபது அம்சத் திட்டத்தின் புகழுரைகளாக மாறின. 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரில் 'இந்தியா' இருந்த இடத்தில் பிரதமரின் பெயரை இட்டு மக்கள் எள்ளி நகைத்தனர். 1976 மே மாதம் முதல் பின்னணிப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்கள் வானொலியில் நிறுத்தப்பட்டன. அரசாங்கப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்க அவர் இசையாமையே காரணம். காதல் பாட்டுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று வினவ ஒருவரும் இல்லை.

கருவியின்மேல் குற்றமில்லை என்பதற்கும் அக்காலமே சான்று தருகிறது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கர்நாடகத்தின் வட மாவட்டச் சிற்றூர்களும் அவற்றில் அடங்கும். உழவு, உடல்நலம், குழந்தைக் கல்வி ஆகியவற்றை உழவர்கள் தம் தாய்மொழியிலேயே கேட்டறிந்தனர். அறிவைப் பரப்பவும் அறிவை மறைக்கவும் ஒரே காலத்தில் ஒரே வகைக் கருவி பயன்பட்டது. வேறுபாடு அதனை ஆள்வோரின் நோக்கத்தில் இருந்தது.

மூன்றாம் படியாகிய சொல் மாற்றம், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோரின் கவனத்தைச் சிறப்பாக ஈர்ப்பது. நெருக்கடி நிலைக் காலத்தின் தலையாய சொல் ஆங்கிலத்தில் 'டிசிப்ளின்', இந்தியில் 'அனுசாசன்'. சுவர்களிலும் பேருந்துகளிலும் அலுவலகங்களிலும் இச்சொல் காணப்பட்டது. பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்குமாறு அறிவுறுத்தும் வாசகங்கள் எங்கும் எழுதப்பட்டன. அப்போது மௌன விரதம் பூண்டிருந்த ஆசாரிய வினோபா பாவே, மகாபாரதத்தின் ஒரு பருவத்தின் பெயரைக் கொண்டு, 'அனுசாசன பர்வம்' என்று எழுதிக் காட்டினார். அச்சொல்லை நெருக்கடி நிலைக்கு அவர் அளித்த ஆசியாகக் கொண்டு அரசாங்கம் பரப்பியது. அனுசாசனம் என்பது ஆசாரியர்களின் நெறிப்படுத்தல். ஆள்வோரின் ஆணை சாசனமே என்று வினோபா பின்னர் விளக்கினார். அவ்விளக்கத்துக்கு முந்தைய சொல்லுக்குக் கிடைத்த விளம்பரம் கிடைக்கவில்லை.

தமிழில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக விளங்கும். நமக்கு 'ஒழுக்கம்' என்றொரு சொல் உண்டு. 'கட்டுப்பாடு' என்றொரு சொல்லும் உண்டு. ஒழுக்கம் உள்ளிருந்து எழுவது. ஒருவன் தானே விரும்பிக் காப்பது. கட்டுப்பாடு புறத்திலிருந்து வருவது. பிறர் விதித்துக் காவல் செய்வது. 'டிசிப்ளின்' என்ற ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும். ஒழுக்கம் என்ற பொருளில் அதனை மக்கள் செவியில் இட்டு, கட்டுப்பாடு என்ற பொருளில் செயற்படுத்துவது ஆள்வோருக்கு எளிதாயிற்று. ரயில் நேரத்துக்கு வந்ததை மக்கள் கண்டனர். எழுத்தர் நேரத்துக்கு அலுவலகம் வந்ததையும் கண்டனர். இதுவே ஒழுக்கம் என்றால் இதில் தீங்கென்ன என்று எண்ணியவர் பலர். அவர்களை மூடர் என்று இன்று நாம் எள்ளலாகாது. தெரிந்த செய்தியை வைத்துத்தானே எவரும் எண்ண இயலும்?

தெரியாத செய்திகள் எவை? பெங்களூருச் சிறையிலேயே ஒன்று நிகழ்ந்தது. தென்னாட்டு நாடக மேடைக்கு நன்கறிமுகமானவர் சினேகலதா ரெட்டி. சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1970இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' என்ற கன்னடப் படத்தில் நடித்தவர். 1976 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு இச்சிறையில் அடைக்கப்பட்டார். ஆஸ்துமா நோயாளியான அவர் சிறையில் போதிய மருத்துவமின்றி நலிந்தார். 1977 ஜனவரியில் விடுவிக்கப்பட்ட சில நாட்களிலேயே உயிர் நீத்தார். சிறையில் அவர் எழுதிய குறிப்புகள் நெருக்கடி நிலை நீங்கிய பிறகே நூலாக வெளிவந்தன. ஜார்ஜ் பெர்னாண்டசின் தம்பி லாரன்ஸ் பெர்னாண்டஸ், தலைமறைவாக இருந்த தமையனின் இருப்பிடத்தைக் கூறுமாறு, இதே நகரில் காவலரால் கொடுமையாக வதைக்கப்பட்டார். அச்சிறைக்கு வெகு அருகிலேயே கெம்பேகௌடா பேருந்து நிலையத்துக்குச் சென்று வந்த பல்லாயிரம் மக்களுக்கு இவை தெரிந்திருக்க வழியில்லை.

வட நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டின் பெயரால் நடந்த வன்முறையும் அவ்வாறே மறைக்கப்பட்டது. 1976-77ஆம் ஆண்டில் நாடெங்கும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. எத்தனை பேர் மனமுவந்து வந்தனர், எத்தனை பேர் ஆசிரியரும் அதிகாரியும் தமக்கிட்ட இலக்கை நிறைவேற்ற இழுத்து வந்தவர்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் கேட்டு எழுத இயலவில்லை.

எனினும் மனித மனம் அவ்வளவு எளிதில் அடங்குவதன்று. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. அரசாங்கம் கலைக்கப்பட்டு, அக்கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். கைதானோர் பெயரை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்ற தலைப்பில் 'முரசொலி' ஒரு பட்டியலை வெளியிட்டது. ஊர்தோறும் யார் யார் சிறையில் உள்ளனர் என்பதைத் தமிழ்நாடு அறிந்துகொண்டது. பம்பாயில் 'டைம்ஸ் ஆப் இந்தியா' நாளிதழின் மரண அறிவிப்புப் பகுதியில், ஜனநாயகம் என்ற ஆங்கிலச் சொல்லை ஓர் ஆளின் பெயர்போலப் பிரித்து, அவர் ஜூன் 26இல் காலமானார் என்று ஒரு விளம்பரம் வந்தது. உண்மையின் கணவர், சுதந்திரத்தின் தந்தை என்று உறவுகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. விளம்பரம் பெற்ற எழுத்தருக்கோ தணிக்கையாளருக்கோ ஐயம் எழவில்லை. இரவு வேளைகளில் இலண்டன் பி.பி.சி. ஒலிபரப்பைத் தாழ்ந்த ஒலியில் கேட்டவர்களும் நாடெங்கும் இருந்தனர்.

இனி, இவ்வரலாற்றின் திருப்பத்துக்கு வருவோம். 1977 ஜனவரி 18ஆம் நாள் பிரதமர் திடீரெனத் தேர்தலை அறிவித்தார். அறிஞர்கள் இதற்குப் பல காரணம் கூறுவர். உளவுத் துறையினரும் அணுக்கர்களும் வெற்றி உறுதி என்று கூறியதை அவர் நம்பினார் என்பது அவற்றுள் ஒன்று. மாற்றுச் செய்தியின் வழிகள் மக்களுக்கு மட்டுமல்லாமல் ஆள்வோருக்கும் அடைபட்டிருந்தன. தம் பத்திரிகைகள் தம்மைப் புகழ்வதைக் கண்டு, நாடே தம்மைப் புகழ்வதாக அவர்கள் கருதினர். குற்றம் கண்டு கடிந்து கூறும் துணைவர் அற்ற அரசனுக்குப் பகைவர் வேண்டுவதில்லை, அழிவு தானே வரும் என்பது வள்ளுவர் தந்த அரசியல் பாடம். அப்பாடம் மார்ச் மாதத் தேர்தலில் மெய்யாயிற்று. பிப்ரவரி 6ஆம் நாள் தில்லியில் எதிர்க்கட்சியினர் பெருங்கூட்டம் நடத்தியபோது, மக்களை வீட்டிலேயே நிறுத்த 'பாபி' என்ற புகழ்பெற்ற இந்திப் படத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மக்களோ படத்தை விட்டுக் கூட்டத்துக்குச் சென்றனர். காங்கிரசுக் கட்சி 154 இடங்களே பெற்றது. பிரதமர் தம் ரேபரேலித் தொகுதியிலேயே தோற்றார்.

இங்கே தென்னாட்டார் ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. வட மாநிலங்கள் நெருக்கடி நிலைக்கு எதிராக வாக்களித்தபோது, தென் மாநிலங்கள் அவ்வாறு செய்யவில்லை. கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் 26இல் காங்கிரசு வென்றது. தமிழ்நாட்டிலும் காங்கிரசு இடம்பெற்ற அணியே பெருவெற்றி கண்டது. பிரசாரம் தெற்கே பலித்தது என்று சிலர் கூறுவர். கருத்தடைக் கொடுமை இங்கே அவ்வளவு கடுமையாக இல்லாமையும், மாநில அரசியலின் வேறு கணக்குகளும் காரணம் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. வடக்கே வாக்களித்தவர்களுக்கு வானொலி வேண்டியதில்லை. அவர்தம் தெருவிலேயே கொடுமை நடந்தது, கண்ணால் கண்டனர். கண்ணால் காணாதவர்க்குச் செய்தி ஒன்றே கண். அக்கண் அப்போது கட்டப்பட்டிருந்தது. மாறி நின்ற தொகுதிகளுள் பெங்களூரு தெற்கும் ஒன்று. 1973இல் தமக்கு இளையவர் தலைமை நீதிபதியாக உயர்த்தப்பட்டதால் உச்ச நீதிமன்றப் பதவியைத் துறந்த நீதிபதி கே. எஸ். ஹெக்டே அங்கே வென்றார். அவரே பின்னர் மக்களவைத் தலைவருமானார்.

நெருக்கடி நிலை நீங்கியபின், அரசாங்கத்தின் பிடியிலிருந்து வானொலியையும் தொலைக்காட்சியையும் விடுவிக்க வழி காணுமாறு ஒரு குழு அமைக்கப்பட்டது. பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸ் அதன் தலைவர். 1978இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் நீண்ட விளைவாகப் 'பிரசார் பாரதி' சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு தவற்றை அறிய 21 மாதங்கள் போதுமாயின. அதனைத் திருத்தும் சட்டம் நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்ததனாலேயே காவல் முடிந்தது என்று கருதவும் இடமில்லை. ஒலிபரப்புவோர், கேட்போர் ஆகிய இருசாராரின் விழிப்பே அச்சட்டத்துக்கு உயிர்.

ஜெர்மனியில் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த கேடு நம் நாட்டில் 21 மாதங்களில் நின்றது ஏன்? நம் மக்கள் இயல்பிலேயே உயர்ந்தவர் என்று பெருமை பேசுவதில் பயனில்லை. ஜெர்மானியரும் கற்றவரே. அங்கே இளைஞர் அனைவரும் ஒரே அமைப்பில் சேர்க்கப்பட்டனர். ஒரு தலைமுறையே மாற்றுக் கருத்தைக் கேளாமல் வளர்ந்தது. இங்கே அதற்குக் காலமும் இல்லை, எளிய வழியும் இல்லை. பல மொழிகளும் பல கட்சிகளும் பல சமயங்களும் கொண்ட நாட்டில் ஒரே வாசகத்தை எல்லார் நாவிலும் ஏற்றுவது அரிது. தில்லியில் எழுதிய முழக்கம் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்க்கப்படும்போதே அதன் மிடுக்குச் சிறிது குன்றிவிடுகிறது. பெயர்ப்பவன் ஒரு நொடி பொருளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது, கேட்பவனும் எண்ணுகிறான்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இதனால் ஒரு தனி வாய்ப்பு அமைந்திருக்கிறது. பெங்களூருத் தமிழர் காலையில் தமிழ் நாளிதழைப் பார்க்கின்றனர்; கடைவீதியில் கன்னடத்தில் செய்தி கேட்கின்றனர்; அலுவலகத்தில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கின்றனர். ஒரே நிகழ்ச்சி மூன்று மொழிகளில் மூன்று விதமாகச் சொல்லப்படுவதை அன்றாடம் காணும் பேறு ஒரு மொழி மட்டும் அறிந்தார்க்கு இல்லை. அவ்வேறுபாட்டைத் தொல்லையாகக் கருதாமல், ஏன் இங்கே இவ்வாறும் அங்கே அவ்வாறும் சொல்லப்படுகிறது என்று வினவிப் பழகுதல் வேண்டும். தம் தாய்மொழியில் தமக்கு உவப்பாகச் சொல்லப்படும் செய்தியை முதலில் ஐயுறுதல் வேண்டும். நம் குழந்தைகளுக்கும் அப்பழக்கத்தை ஊட்டுதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியரிடம் 'ஏன்' என்று கேட்கும் பிள்ளையை வீட்டில் அடக்காதிருப்பதே அதன் தொடக்கம். அவ்வினாவுக்கு விடை தெரியாதபோது, தெரியவில்லை என்று பெற்றோர் கூறிவிடுவதும் நல்ல பாடமே.